ஒருவர் குறைகிறார்

மூன்று பேராக எந்தக் காரியத்துக்கும் கிளம்பக்கூடாது என்பது ஆறுமுகநயினாரின் சட்டம். பெண் பார்க்கப் போனாலும் சரி, பல் பிடுங்கப் போனாலும் சரி. மூன்று பேர்தான் போயாக வேண்டும் என்றால் வாசலில் ஒரு கல்லைப் பொறுக்கிக் கூட எடுத்துக்கொள்ள வேண்டும். கல் நாலாவது ஆள். பாளையங்கோட்டையில் பல வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டுதான். ஆனால் கார் ஏறி உட்கார்ந்த பிறகும் அதை விசாரித்து உறுதி செய்துகொள்கிறவர் நயினார் ஒருத்தர்தான்.

"கல்ல எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு," என்றாள் உலகம்மை, கைப்பையைத் தட்டிக் காட்டி.

பின் சீட்டில் பன்னிரண்டு வயது தாரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கார் தானாகக் கிளம்பிற்று. வழி, வேகம், குறுக்கே வரும் ஆடு எல்லாவற்றையும் காரே பார்த்துக்கொள்ளும் காலம் அது. கல் ஒன்றைத்தான் மனிதர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தருவைக்கரை கடலரசி பூங்காவுக்குக் கூட்டிப் போகச் சொல்லி மூன்று மாதமாகத் தாரணி நச்சரித்திருந்தாள். பெரிய இடமெல்லாம் இல்லை. பன்னிரண்டு பெட்டி வைத்த ராட்டினம், கடல் பக்கமாக ஒரு வளைவு வளைந்து திரும்பும் டிராகன் ரயில், மீன் காட்டும் கண்ணாடி வீடு, உப்புக் காற்றில் மூக்கு உதிர்ந்துபோன ஒரு சிமெண்டுக் கடல்கன்னி. அவ்வளவுதான். ஆனால் பாதுகாப்பில் இந்தப் பூங்காவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று பேர்.

கார் நிறுத்துமிடத்திலேயே ஒரு கம்பம் நின்றது. அதில் ஒரு திரை. அதன் முன்னால் போய் நின்றதும் குரல் வந்தது.

"வணக்கம். நான் துணை. உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்?"

மூன்று என்று சொல்ல நயினாரின் நாக்கு வளையாது. "நாலு பேரு," என்று சொல்லிவிட்டு, கோணலாக நின்ற காரைத் திட்டப் போய்விட்டார். பேர் விவரமெல்லாம் சொன்னது உலகம்மை. நான்கு ஆரஞ்சு நிறக் காப்புகள் தட்டில் விழுந்தன. மூன்று, மூன்று கைகளுக்கு வந்தன. நாலாவது எங்கே போயிற்று என்று அவர் கவனிக்கவில்லை. நுழையும்போது வாசல் நான்கு முறை கூவியதையும் கவனிக்கவில்லை. பம்பு செட் ஏஜென்சி வைத்திருக்கிறவர் வாரத்தில் ஒரு நாளாவது எண்ணாமல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

நாள் நன்றாகத்தான் போயிற்று. ராட்டினத்தில் ஏறினார்கள். உச்சியில் நின்றபோது உலகம்மை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். நயினார் மிளகாய் பஜ்ஜி தின்று, மணலில் துண்டை விரித்து அரை மணி நேரம் குறட்டை விட்டார். ஐந்தரைக்கு, இருட்டுமுன் வீடு சேரலாம் என்று வெளிவாசலுக்கு வந்தார்கள்.

வெளிவாசல் ஒரு சின்ன அறை மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் ஆளுயரக் கம்பி. முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு, பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு. குடும்பம் உள்ளே வந்ததும் பின்கதவு மூடும், முன்கதவு திறக்கும். பக்கத்தில் அதே மாதிரி ஐந்தாறு கூண்டுகளில் குடும்பங்கள் புகுந்து புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தன. நயினார் குடும்பம் நுழைந்ததும் பின்கதவு மூடியது. முன்கதவு அசையவில்லை.

"ஒருவர் குறைகிறார்," என்றது துணை. "அவர் வரும் வரை காத்திருக்கவும்."

நயினார் கதவைத் தள்ளிப் பார்த்தார். பின்கதவையும் தள்ளிப் பார்த்தார். எலிப்பொறியில் எலி இப்படித்தான் இரண்டு பக்கமும் போய்ப் பார்க்கும். மேற்கு வெயில் கண்ணாடியில் ஏறி உள்ளே வெந்தது. வலப்புறக் கம்பிகளுக்கு அப்பால் கடல் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வந்தாள். ஐம்பது வயதிருக்கும். சட்டையில் 'செலின், பாதுகாப்பு' என்று எழுதியிருந்தது.

"யாரு சார் பின்தங்கிட்டது? பாத்ரூம் போயிருக்காங்களா?"

"யாரும் பின்தங்கல. நாங்க வந்ததே மூ... வந்ததே இவ்வளவு பேருதான்."

"நாலு காப்பு வாங்கியிருக்கீங்களே."

"அது கல்லும்மா."

"கல்லா?"

உலகம்மை கைப்பையைத் திறந்து எடுத்துக் காட்டினாள். எலுமிச்சம்பழம் அளவு கல். அதன் இடுப்பில் ஆரஞ்சுக் காப்பு. செலின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்க மாமியாவும் இப்படித்தான். மூணு பேருன்னா கடலுக்கே விடமாட்டா. இது உள்ள வரும்போது காப்ப எண்ணும் சார், வெளிய போகும்போது ஆள எண்ணும். காப்பக் கழத்திப் போட்டுட்டுப் புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவான்ல, அதுக்காக. இருங்க, கல்லுன்னு போட்டு எடுத்துவிடுதேன்."

கையிலிருந்த திரைப் பலகையில் விரலால் தேய்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது.

"கல்லுக்குப் பேரு குடுத்திருக்கீங்களே சார்."

"பேரா?"

"வடிவாம்பிகை. வயசு இருபத்தாறு. தகப்பனார் பேரு ஆறுமுகநயினார்."

அந்தப் பேர் நயினார் காதில் விழுந்து ஆறு வருஷமாகிவிட்டது. அவருடைய மூத்த மகள். கடையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த பையனை, வேறு சாதி ஆட்களைச் சேர்ந்தவனை, பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவள். மறுநாளே அவர் தாமிரபரணியில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டுத் தலைமுழுகிவிட்டு வந்தார். படங்களை எடுத்தார். துணிமணிகளைக் கொடுத்தார். மூத்தவ எப்படி இருக்கா என்று விசாரித்தவர்களிடம் 'எனக்கு ஒரு மவதான்' என்றார். ஊர் சீக்கிரமே கேட்பதை நிறுத்திக்கொண்டது.

"யாருட்டி இந்தப் பேரக் குடுத்தது?" என்று உலகம்மை பக்கம் திரும்பினார்.

"நான்தான்," என்றாள் அவள். குரலில் பயம் இல்லை. "நாலாவது ஆளு பேரு என்னன்னு கேட்டுச்சு. வேற என்னத்தச் சொல்ல? ஆறு வருஷமா அந்தக் கல்லுக்கு அதான் பேரு. திருச்செந்தூர் போனப்பவும் அதான். உங்க தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போனப்பவும் அதான். கல்ல எடுத்தாச்சா, எடுத்தாச்சான்னு நீங்க கேப்பீங்க. நான் எம்மவளக் கூட்டிட்டு வாரேன்னு நினைச்சுக்கிடுவேன்."

செலின் தரையைப் பார்த்தாள்.

"இப்பக் கல்லுன்னு சொன்னா அது கேக்காது சார்," என்றாள். "அந்தப் பேருல ஆளு இருக்குதே. சர்க்காரு குடும்பப் பதிவேட்டுல உசுரோட இருக்குதே. உங்க மக உங்ககூட பத்தே முக்காலுக்கு உள்ள வந்தாங்க, வெளிய வரலன்னுதான் அதுக்குத் தெரியும்."

"நீ திறந்து விடேம்மா."

"எங்கிட்ட சாவி கிடையாது. மனுசன் கையில சாவி இருந்தா அழுதா திறப்பான், அதட்டினாலும் திறப்பான். இந்தக் கரையில ஒரே சீசன்ல பதினோரு புள்ளைங்க போச்சு. அதுக்கப்புறம்தான் கூடவந்தோர் சட்டம். சேந்து வந்தவங்க சேந்துதான் போகணும்."

"ராத்திரி பூரா இப்படியே நிக்கவா?"

"ஏழு மணிக்குப் பூங்கா மூடும். மூடுனா அதுவா போலீசுக்கு ஆள் காணலன்னு எழுதிப் போட்டுரும்." அவள் பலகையில் வந்த பதிவுத் திருமண விவரத்தைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நினைக்காதீங்க சார். வீட்ட எதுத்துக் கல்யாணம் பண்ணுன பொண்ணு. ஆறு வருசமாப் பேச்சில்ல. இன்னைக்குத் தகப்பனோட கடலுக்கு வந்தா, திரும்பிப் போகல. எழுதிப் பாத்தா எப்படி இருக்கு?"

நயினார் அதை மனசுக்குள் எழுதிப் பார்த்தார். மகளை வெட்டிப்போட்டவன் என்று ஒரு ராத்திரிக்கு ஊர் பேசினாலும் போதும், அது சாகிறவரைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"வேற வழி?"

"ரெண்டு இருக்கு. அவங்களக் கூப்பிட்டு நீங்க பேசலாம். நான் இந்தக் குடும்பந்தான், பத்திரமா இருக்கேன்னு அவங்க குரல்ல சொன்னாப் போதும். இல்லைன்னா, அவ என் மவ இல்லைன்னு நீங்க சொல்லணும். பதிவேட்டுல இருந்து நீக்கிரும். ஆனா ஒண்ணு. பதிவேடு எல்லாத்துக்கும் ஒண்ணுதான். இங்க போனா எல்லா வாசல்லயும் போச்சு. நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தாலும் அவங்கள உள்ள விடாது. ஆளுங்க சாயங்காலம் கோவத்துல நீக்குறதும் காலையில சேர்க்குறதுமா இருந்தாங்கன்னு, இப்பத் திரும்பச் சேக்குற வழியே வைக்கல."

"ரெண்டாவதே போதும்," என்றார் நயினார். ஆறு வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லிவருகிறதை ஒரு மிஷினிடம் சொல்ல என்ன கஷ்டம்?

"ஏங்க..." என்றாள் உலகம்மை. அவர் கையை உதறினார்.

அந்த நேரம் பார்த்து அடுத்த கூண்டிலிருந்து வெளியே போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். "அண்ணாச்சி! நம்ம நயினார் அண்ணாச்சில்லா! என்ன, மாட்டிக்கிட்டியளா?" நயினாரின் தெருக்காரர் பிச்சையா. அவர் வாயில் ஒரு சங்கதி விழுந்தால் மார்க்கெட் வரை போய்த்தான் நிற்கும். மனைவியைக் காருக்கு அனுப்பிவிட்டு, உதவி செய்வதற்காகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இந்த வாக்கியத்தை உங்கள் குரலில் சொல்லவும்," என்றது துணை. "வடிவாம்பிகை என் மகள் அல்ல."

நயினார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வடிவாம்பிகை என் மகள் அல்ல."

"ஏற்க முடியவில்லை. மீண்டும் சொல்லவும்."

"வடிவாம்பிகை என் மகள் அல்ல!"

"ஏற்க முடியவில்லை. இன்னும் ஒரு முறை சொல்லலாம்."

"சத்தம் போட்டு ஆகாது சார்," என்றாள் செலின். "அது வார்த்தைய மட்டும் கேக்காது. குரலுக்குள்ள என்ன ஓடுதுன்னு கேக்கும். கோவத்துல சொன்னாலும் எடுக்காது, பயந்து சொன்னாலும் எடுக்காது. நெசமாவே மனசு விட்டுப் போயிருக்கணும்."

நயினார் கண்ணை மூடிக்கொண்டார். அவள் போன நாளை வலிந்து நினைத்துப் பார்த்தார். மேஜையில் வைத்துவிட்டுப் போன கடிதம், கடை முன்னால் நின்று வேடிக்கை பார்த்த கூட்டம், தம்பி சொன்ன ஒரு சொல். கோபம் வழக்கம்போல நன்றாகவே வந்தது. வந்த கையோடு வேறொன்றும் வந்தது. எட்டு வயதில் கடைப் பின்கட்டில் புது மோட்டாரை ஓடவிட்டுப் பார்க்கும்போது, குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, 'தண்ணி வந்துட்டுப்பா, வந்துட்டு!' என்று கத்தி, தொப்பலாக நனைந்து நின்ற பெண். அவர் வாய் சொல்ல வேண்டியதைச் சொல்லிற்று.

"ஏற்க முடியவில்லை. இந்த வழி மூடப்பட்டது."

உலகம்மை அவரைப் பார்த்தாள். ஆறு வருஷமாக ஒரே வீட்டில் சோறு போட்டும் அப்படிப் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். அவர் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவருக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. தான் இவ்வளவு நாள் பொய் சொல்லியிருக்கிறோம் என்று ஒரு மிஷின் சொல்லித் தெரிந்துகொள்வதில் வெட்கமும் இருந்தது.

நின்று வாதாடியதிலேயே மணி ஆறு நாற்பது ஆகிவிட்டது.

"கூப்பிட்டுருங்க சார்," என்றாள் செலின். "அவங்க ஆமான்னு சொன்னா அடுத்த நிமிசம் வெளிய போயிரலாம். இல்லைன்னு சொன்னாலும் கதவு திறக்கும். ஆனா அது அவங்களே நீக்கிக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"அவ எதுக்கு இல்லைன்னு சொல்லப்போறா?" என்றார் நயினார். "நம்பர்தான் யாருகிட்ட இருக்கு?"

தாரணி, கண்ணாடிக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டு, பத்து இலக்கங்களையும் தடுமாறாமல் சொன்னாள். இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஸ்கூல்ல இருந்து பேசுவேன்," என்றாள் தாரணி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அக்காவுக்குப் பாப்பா பொறந்து எட்டு மாசம் ஆச்சு."

உலகம்மை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"குடும்பத் தலைவர் மட்டும் பேசலாம்," என்றது துணை. மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"ஹலோ, யாரு?"

குரல் அந்தக் கூண்டுக்குள் நிறைந்தது. பின்னால் ஒரு குழந்தை 'த்தா, த்தா' என்று எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான்," என்றார் நயினார்.

ரொம்ப நேரம் குழந்தை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பாவா?"

நல்லாயிருக்கியாம்மா என்று கேட்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பிச்சையா கம்பிகளுக்கு நடுவில் காதைக் கொடுத்தார்.

"இங்க ஒரு கேட்டுல மாட்டிக்கிட்டு நிக்கோம்," என்றார் நயினார். கடைப் பையன்களிடம் பேசுகிற குரல் வந்துவிட்டது. "தெரியாத்தனமா உன் பேரு ஏறிட்டு. அது உங்கிட்ட கேக்கும். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. வெளிய போயிருதோம்."

"அம்மா இருக்காளா?"

"இருக்கா. மொதல்ல இந்தக் கேட்டத் திறக்க வழியப் பாரு."

"தாருக்குட்டி?"

"எல்லாரும் இங்கதான் கிடக்கோம். ஆமான்னு சொல்லு, போதும்."

"கேட்டுக்காகத்தான் கூப்பிட்டியளாப்பா?"

அவள் அதைச் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உலகம்மை தரையிலிருந்தபடியே அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். இல்லைன்னு சொல்லுங்க, இல்லைன்னு சொல்லுங்க என்று அவள் உதடு அசைந்தது. இல்லட்டி என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மிஷினுக்குத் தெரிந்துவிட்ட விஷயம்தான். பிச்சையாவுக்குத் தெரிந்தால் குடியா முழுகிவிடும்? ஆனால் ஆறு வருஷம் விறைத்து நின்ற கழுத்து தெருக்காரன் முன்னால் வளைய மறுத்தது.

"பின்ன வேற எதுக்கு?" என்றார்.

குழந்தை தட்டுவதை நிறுத்தியிருந்தது. யாரோ அதைத் தூக்கியிருக்க வேண்டும்.

"சரிப்பா," என்றாள் வடிவு. "திறந்துவிடுதேன்."

"வடிவாம்பிகை," என்றது துணை, "நீங்கள் ஆறுமுகநயினாரின் குடும்பத்தைச் சேர்ந்தவரா?"

"இல்லை."

குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. தவறிப்போய் வீடு மாறி வந்தவருக்குப் பக்கத்து வீட்டைக் காட்டுகிறவர் குரலில்தான் சொன்னாள்.

"ஏற்கப்பட்டது. நன்றி."

"வடிவு!" என்று உலகம்மை கத்தியபோது தொடர்பு அறுந்திருந்தது. முன்கதவு சத்தமில்லாமல் விலகியது. குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. "பதிவு திருத்தப்பட்டது. கடலரசிக்கு வந்தமைக்கு மகிழ்ச்சி. நீங்கள் செல்லலாம்."

உலகம்மை எழுந்தாள். கணவன் முகத்தைப் பார்க்காமல் தாரணி தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். பிச்சையா, "ஒருவழியாத் திறந்துட்டு, அண்ணாச்சி" என்று ஆரம்பித்து, நயினாரின் முகத்தைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

நயினார் மட்டும் உள்ளே நின்றார்.

"இன்னொரு தடவ அவகிட்ட கேக்கச் சொல்லும்மா," என்றார்.

"அது ஒரு தடவதான் சார் கேக்கும்."

"எங்கிட்ட மூணு தடவ கேட்டுதே."

செலின் பலகையை அணைத்து இடுப்பில் செருகினாள். அவளுக்கு அதைச் சொல்ல மனமில்லை. ஆனால் மனிதர் கையைக் கட்டிக்கொண்டு காத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பொய் சொன்னீங்க சார்," என்றாள். "அதான் திரும்பத் திரும்பக் கேட்டுது."

அவர் தலையை ஆட்டினார். கார் தானாக வந்து வாசலில் நின்று விளக்கைப் போட்டது. நயினார் நின்ற இடத்திலேயே நின்றார். கதவு திறந்துதான் இருந்தது.